தண்ணீரோடு நடந்த கம்பம்

பூங்காவில் அவரை எல்லோரும் 'ஆகட்டும்' என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார். எதைக் கேட்டாலும் 'ஆகட்டுங்க' என்று சொல்கிற மனிதருக்கு ஊர் வேறு என்ன பெயர் வைக்கும்? குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்று ஒருவர் வந்து நின்றால், "ஆகட்டுங்க, பாத்துடலாம்." மான் வரவில்லை என்று ஒரு குழந்தை சிணுங்கினால், "ஆகட்டும் கண்ணு, இப்ப வந்துடும்." மான் அதன் இஷ்டத்துக்குத்தான் வரும். ஆனால் குழந்தை சிணுங்குவதை நிறுத்திவிடும். அவருக்கு அது போதும்.

இந்தக் குணம் இடையில் வந்து ஒட்டிக்கொண்டதல்ல. அவருடைய அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள். இரண்டு பேருக்கும் நடுவில் தூது போனது இந்தப் பிள்ளை. "சாப்பாடு உண்டா இல்லையான்னு உங்கம்மாவைக் கேளுடா" என்று அப்பா முன்னறையிலிருந்து உறுமுவார். பிள்ளை நாலு எட்டு வைத்து அடுப்படிக்குப் போவதற்குள் அது, "அப்பாவுக்குப் பசிக்குதாம்மா, நீ சாப்பிட்டியான்னும் கேட்டாரு" என்று ஆகியிருக்கும். "கொட்டிக்கச் சொல்லு" என்று அம்மா எறிந்த சொல், திரும்பி வரும் வழியில், "சூடா இருக்காம்ப்பா, உடனே வரச் சொன்னாங்க" என்று பூப்போல மாறிவிடும். இருவரும் கடைசிவரை பிரியாமல் வாழ்ந்து முடித்தார்கள். பிள்ளையின் சாமர்த்தியம் என்று உறவில் பேச்சு. அவர்களுக்குள் என்னதான் சண்டை என்பதை ஒருநாளும் உட்கார்ந்து பேசித் தீர்க்கவில்லை என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

வளர்ந்ததும் வீட்டு மின்சாமான் விற்கும் கடை ஒன்றில் புகார் கவுண்டரில் உட்கார்ந்தார். பொருத்தமான நாற்காலி. எரிந்து விழுந்துகொண்டு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். மிக்சி சரியானதா என்று கேட்டால், அது வேறு விஷயம். ஒருநாள் அந்தக் கடையை இழுத்து மூடினார்கள். "மூட வச்சதே நீங்கதான். ஒரு புகாராவது மேல போயிருந்தாத்தானே முதலாளிக்குத் தெரியும்?" என்று அவர் மனைவி இன்றுவரை சொல்லிச் சிரிப்பார். இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவார்.

அதற்குப் பிறகுதான் தேசியப் பூங்காவில் வேலை. மலைக்கு நடுவே ஒரு பெரிய ஏரி. மலை உச்சியில் பனி, பனி உருகி ஏரிக்குத் தண்ணீர். ஏரிக்கரைப் பாதை, பெஞ்சு, குப்பைத் தொட்டி எல்லாம் இவர் பொறுப்பு. அதோடு, சில வருடங்களாக ஒரு கம்பமும்.

கம்பத்தைக் கொண்டுவந்து நட்டவர், ஊழியர்கள் 'கிளைமேட் மேடம்' என்று சொல்லும் பெண். தலைமை அலுவலகத்தில் வேலை. இவரைவிட ரொம்பச் சின்னவர். வருடத்துக்கு ஒருமுறை பூங்காவுக்கு வருவார். கம்பம் மார்பளவு உயரம். அதன் தலையில் கைபேசியைச் செருகி வைக்க ஒரு தாங்கி. யாருடைய கைபேசியை வைத்தாலும் அது ஒரே திசையைத்தான் பார்க்கும்: முன்னால் ஏரி, பின்னால் மலை. பக்கத்துப் பலகையில் ஒரு கியூஆர் கட்டம். படம் எடுத்து, கட்டத்தை ஸ்கேன் செய்து, படத்தை அனுப்பிவிட வேண்டும். 'நன்றி, உங்கள் படம் வந்து சேர்ந்தது' என்று பதில் வரும்.

மேடத்தின் திட்டம் பெரியது. சில வருடங்களுக்கான படங்கள் சேர்ந்ததும் அவற்றை வரிசையாகக் கோத்து ஒரு சின்ன வீடியோ ஆக்குவது. அதன்பிறகு வருகிறவர் அதே இடத்தில் நின்று கட்டத்தை ஸ்கேன் செய்தால், கண் முன்னால் இருக்கிற ஏரி வருடா வருடம் என்ன ஆனது என்பது அவர் கையிலேயே ஓடும். பூமி சூடாகிறது, பனி குறைகிறது என்று மேடை போட்டுச் சொன்னால் கொட்டாவி விடுகிற ஜனம், சொந்தக் கைபேசியில் பார்த்தால் நம்பத்தானே வேண்டும்?

நல்ல திட்டம். ஆனால் இந்த விளக்கமெல்லாம் பெரிய அதிகாரிகளுக்குச் சொல்லப்பட்டது. 'ஆகட்டும்' கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்து மேடம் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, இது ஆடக்கூடாது. கிளை ஏதாவது குறுக்க வந்தா வெட்டி விட்டுடுங்க. படத்துல ஏரி நல்லா தெரியணும். பாத்துக்கங்க."

"ஆகட்டுங்க மேடம்."

மறு வருடம் மழைக்காலம் முடிந்து பூங்கா திறந்தபோது ஏரி பழைய இடத்துக்குத் திரும்பி வரவில்லை. கம்பத்துக்கு முன்னால் ஒரு பட்டை சேறும் களையுமாகக் கிடந்தது. வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். "இதுதான் ஏரியா?" என்றார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. அந்தப் பெண் தாங்கியில் கைபேசியை வைத்துப் படம் எடுத்துப் பார்த்தாள். படத்தில் பாதி சேறு. "ஏரியைப் பாக்கணும்னுதானே இவ்வளவு தூரம் வந்தோம்" என்று புருஷனிடம் சொன்னபோது அவள் குரல் கம்மிவிட்டது. இவருக்கு அது தாங்கவில்லை. "நாளைக்குக் காலையில ஒரு தடவை வாங்கம்மா, நல்லா வரும்" என்றார்.

சொன்னதைச் செய்தார். விடிந்ததும் கடப்பாரை, சிமெண்டு, மண்வெட்டியோடு வந்து கம்பத்தைப் பிடுங்கினார். தண்ணீர் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்து புதுக் குழி தோண்டி நட்டார். பழைய குழியை அப்படியே விட்டால் யாராவது இடறி விழுவார்கள் என்று கல்லைப் போட்டு, சிமெண்டு பூசி, வழவழவென்று தேய்த்துவிட்டார். பெஞ்சு மட்டும் பின்னால் தனியாகக் கிடப்பது நன்றாக இல்லை. அதையும் இழுத்து வந்தார். குப்பைத் தொட்டி என்ன பாவம் செய்தது? அதுவும் வந்தது. அந்தப் பெண் காலையில் வந்து படம் எடுத்துவிட்டு, "தேங்க்ஸ் அங்கிள்!" என்று குதித்த குதியை அவர் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் தண்ணீர் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. கம்பமும் போனது. அதற்கடுத்த வருடமும் அப்படியே. கம்பம், பெஞ்சு, குப்பைத் தொட்டி, மூன்றும் குடும்பத்தோடு குடிபெயர்ந்துகொண்டே இருந்தன. அவர் நடைபாதையையும் கூடவே நீட்டிக்கொண்டு போனார். வருடம் ஒருமுறை மேடம் வந்து பார்ப்பார். கம்பத்துக்கு வலப்பக்கம் பெஞ்சு, இடப்பக்கம் தொட்டி, எதிரே ஏரி. எல்லாம் போன தடவை பார்த்த மாதிரியே. தூரத்து மலை, நாம் கொஞ்சம் முன்னே பின்னே நின்றால் மாறியா தெரியும்? "சூப்பரா வச்சிருக்கீங்கண்ணே" என்று பாராட்டிவிட்டுப் போவார். நல்லவர்களால் வரும் தொல்லைதான் தொல்லை. கெட்டவன் என்றால் முதல் நாளே சந்தேகப்பட்டிருப்போம்.

ஐந்தாவது வருடம் மேடம் முன்னதாகவே வந்துவிட்டார். வீடியோ தயாராகிவிட்டது. ஊழியர்களுக்குக் காட்ட ஓய்வறையில் எல்லோரையும் கூட்டினார். ஓய்வறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: ஆணியில் தொங்கும் மழைக்கோட்டுகள், கால் உடைந்து செங்கல் முட்டுக்கொடுத்த மேஜை, தண்ணீர் கொதிக்கும் கெட்டில், ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க வேண்டிய இடம். மேடம் தன் கைபேசியை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டார்.

ஏரி வந்தது. வெயில் வந்தது, மேகம் வந்தது, மழை வந்தது. யார் யாரோ எடுத்த படங்கள் சரசரவென்று ஓடின. தண்ணீர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. முன்னால் ததும்பிக்கொண்டு, அழகாக, ஐந்து வருடமும் ஒரே மாதிரி.

"நம்ம ஏரி ராணி மாதிரி அப்படியே இருக்கே!" என்றார் டிக்கெட் கவுண்டர் அக்கா. அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

மேடம் சிரிக்கவில்லை. "எனக்குப் புரியலை. எதிர்க்கரையில தண்ணி மட்டம் பாக்க வச்சிருக்கிற அளவுகோல் தண்ணி இறங்குதுன்னு சொல்லுது. ஜனங்க எடுத்த படம் இறங்கலைன்னு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய்."

பூங்காவின் தலைமை அதிகாரி, எல்லோருக்கும் 'பெரிய சார்', கை கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். "அளவுகோல் துருப்பிடிச்சிருக்கும் மேடம். இத்தனை பேர் எடுத்த படமா பொய் சொல்லும்? நல்ல செய்திதானே, எதுக்கு முகத்தைத் தொங்கப் போடறீங்க? அடுத்த வாரம் தலைமை அலுவலகத்துலேர்ந்து கமிட்டி வருது. இந்த வீடியோவைக் காட்டிடுவோம். பூங்காவுக்கு வர்றவங்க எல்லார் போனுக்கும் அனுப்பிடுவோம். ஏரி நல்லா இருக்கும்போது ஜனங்களைப் பயமுறுத்தற திட்டம் எதுக்கு? மூடிடலாம்."

மூடிடலாம் என்றால் மேடத்தின் வேலையும் அதோடு முடிகிறது. அது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மேஜைக்குப் பின்னால் மழைக்கோட்டுகளுக்கு நடுவே நின்றிருந்த 'ஆகட்டும்' வீடியோவின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பெஞ்சின் ஒரு முனை தெரிந்தது. எல்லாப் படத்திலும், அசையாமல், அதே முனை. அந்தக் கம்பம் எதற்காக நடப்பட்டது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

வெளியே வந்ததும் மேடம் கேட்டார்: "அண்ணே, கம்பத்தை யாராவது அசைச்சிருப்பாங்களா?"

"நல்லா கெட்டியா இருக்கு மேடம். ஒரு ஆட்டம் கிடையாது."

சொன்னது பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் வாழ்நாள் முழுக்கக் குடியிருந்தார். அன்றைக்கு முதல்முறையாக அங்கே மூச்சு முட்டியது.

அவர் மனைவி ஒரு தையல் கடையில் ஆல்டரேஷன் பார்ப்பவர். பெரிதாக இருப்பதைச் சின்னதாக்குவதும், பிடிப்பதைப் பிரித்து விடுவதும் வேலை. அன்று சாயங்காலம் வீட்டு மெஷினில் புருஷனுடைய காக்கி பேண்ட்டை வைத்து இடுப்பைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன, முகம் இப்படி இருக்கு? யாருகிட்டயாவது முடியாதுன்னு சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அதானே! உலகம் இடிஞ்சாலும் உங்க வாயில அது வராதே."

அவர் செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல மெஷின் நின்றது.

"எவ்வளவு தூரம் நகர்த்துனீங்க?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா?"

"வருஷத்துக்கு ஒரு முப்பது எட்டு இருக்கும். ஒரு வருஷம் கூட. ஒரு வருஷம் நிறைய கூட."

அந்த அம்மாள் பேண்ட்டை உதறி விரித்துப் பிடித்தார். "இது நீங்க வேலைக்குச் சேந்தப்போ குடுத்த பேண்ட். இன்னைக்கும் போட்டா உங்களுக்குச் சரியா இருக்கு. அப்படின்னா நீங்க குண்டாகவே இல்லை, ஒல்லிக்குச்சியா அப்படியே இருக்கீங்க. சரியா?"

அவர் தன் வயிற்றைப் பார்த்தார்.

"வருஷா வருஷம் நான் பிரிச்சு விட்டுட்டே இருந்தா சரியாத்தான் இருக்கும். உங்க ஏரிக் கதையும் இதுதான். அடி மேல் அடி வச்சா அம்மியே நகருமாம். நீங்க ஒரு ஏரியையே நகர்த்திக் காட்டிட்டீங்க."

இன்னொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

"சொல்லிட்டா அந்தப் பொண்ணோட அஞ்சு வருஷ உழைப்பும் போச்சுன்னு ஆயிடும்" என்றார் அவர். "உடைஞ்சு போயிடும். அந்த முகத்தை நான் எப்படிப் பாப்பேன்?"

"சொல்லலைன்னா?"

"திட்டத்தை மூடிடுவாங்க. வீடியோ எல்லார் கைக்கும் போயிடும். ஏரிக்கு ஒண்ணுமில்லைன்னு."

"உங்க வேலை?"

"போனாலும் போகும்."

மனைவி ஊசியில் நூல் கோத்து முடித்தார். பிறகு சொன்னார்: "வேலை போனா பாத்துக்கலாம். ஒருத்தி முகம் வாடக்கூடாதுன்னு, ஊருக்கே பொய்யை அனுப்பி வைக்கறது நல்லா இல்லீங்க." பேண்ட்டை உட்புறம் திருப்பிக் காட்டினார். பிரித்த இடங்களில் பழைய தையலின் தடங்கள் வரிவரியாக ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. "இதைப் பாருங்க. எத்தனை இஸ்திரி போட்டாலும் போகாது. பிரிச்ச தையல் துணியை விட்டுப் போனதே கிடையாது."

அவர் அந்த வரிகளை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்குக் குழிகள் ஞாபகம் வந்தன. ஒருவர் காலும் இடறக்கூடாது என்று தானே பார்த்துப் பார்த்துப் பூசிய சிமெண்டு வட்டங்கள். அவை எங்கே போகும்? அங்கேதான் இருக்கும்.

மறுநாள் காலை மேடம் கம்பத்துக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் போய் நின்றார். அடுத்தவர் பேச்சுக்கெல்லாம் சர்க்கரை தடவித் தந்தவருக்குத் தன் பேச்சுக்குத் தடவ ஒரு துளி கிடைக்கவில்லை.

"மேடம், கம்பத்தை நான்தான் நகர்த்தினேன்."

"நேத்தா?"

"வருஷா வருஷம்."

மேடத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்துவிட்டார். "யாரைக் கேட்டு நகர்த்துனீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க, படத்துல ஏரி நல்லா தெரியணும்னு. முன்னால எல்லாம் சேறு மேடம். வர்றவங்க ரொம்ப வருத்தப்பட்டாங்க."

"வருத்தப்படணும்னுதானே அண்ணே அதை அங்க நட்டேன்!"

அந்தக் குரல் தண்ணீரில் பட்டுத் திரும்பி வந்தது. மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. இவருக்கு நாக்கு நுனிவரை ஆறுதல் வந்தது. 'ஒண்ணும் ஆகலை மேடம், சரி பண்ணிடலாம்.' வாழ்க்கையில் முதல்முறையாக அதை அவர் விழுங்கினார். சரிபண்ண முடியாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. ஐந்து வருடப் படங்கள் போனது போனதுதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி மேடம் கேட்டார்: "முதல்ல இருந்த இடம் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

இருவரும் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேலே நடந்தார்கள். முதலில் ஒரு சிமெண்டு வட்டம் வந்தது, போன வருடத்துக் குழி. இன்னும் நடந்தார்கள். இன்னொன்று. புல்லுக்குள் மறைந்து இன்னொன்று. கடைசிக் குழிக்கு மேல் புதரே மண்டிவிட்டது. அவர் முள்ளைக் கையால் ஒதுக்கி, மண்ணைத் தள்ளி, வட்டத்தைக் காட்டினார்.

மேடம் அந்த வட்டத்தின் மேல் நின்று கைபேசியில் முதல் வருடத்துப் படத்தைத் திறந்தார். படத்தின் அடிவிளிம்பை அலை நக்கிக்கொண்டிருந்தது. கைபேசியைக் கீழே இறக்கினார். எதிரே புதர், புல், களை, காய்ந்து வெடித்த சேறு. அதற்கெல்லாம் அப்பால், எங்கேயோ, ஒரு பளபளப்பு. அதன் ஓரத்தில் கம்பம் பல் குத்தும் குச்சி மாதிரி நின்றது.

'ஆகட்டும்' அங்கிருந்து பார்த்தது அதுவே முதல்முறை. ஒவ்வொரு வருடமும் முன்னால் பார்த்தே நடந்தவர், திரும்பிப் பார்த்ததில்லை.

"இவ்வளவு தூரமா போயிடுச்சு?" என்று மேடத்தையே கேட்டார்.

மேடத்தின் கோபம் அந்தக் கேள்வியில் வடிந்தது. "வர்றவங்களுக்கெல்லாம் சொல்லித் தரணும்னு திட்டம் போட்டேன். தினம் இங்கயே நிக்கற உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலை. ஸ்பேனரைக் குடுத்துட்டுப் போயிட்டேன்." பிறகு வட்டத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். "ரொம்ப நல்லா பூசியிருக்கீங்க."

"யாரும் தடுக்கி விழுந்துடக் கூடாதுன்னு."

"இனிமே தடுக்கட்டும்" என்றார் மேடம்.

அடுத்த வாரம் கமிட்டி வந்தது. மேடம் வீடியோவைக் காட்டவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, எல்லோரையும் முதல் குழிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பளபளக்கும் ஷூக்களில் புழுதி ஏற ஏற, அவர்கள் வட்டத்திலிருந்து வட்டத்துக்கு இறங்கி நடந்தார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் நின்று அந்த வருடத்துப் படத்தைக் கைபேசியில் பார்த்தார்கள்: படத்தில் காலடியில் தண்ணீர், நேரில் காலடியில் மண். கிளம்பும்போது சளசளவென்று பேசிக்கொண்டு வந்தவர்கள், தண்ணீரைத் தொட்டபோது வந்த வழியையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரிய சார் மட்டும், "அளவுகோல் சரியாத்தான் இருந்திருக்கு போல" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

திட்டம் தப்பியது. 'ஆகட்டும்' தப்பவில்லை. பெரிய சார் கையெழுத்துப் போட்ட மெமோ வந்தது. ஒரு சீசன் முழுக்க என்று சொல்லிக் கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்கள். அவர் அங்கேயும் இடமில்லாத இடத்தில் எல்லோருக்கும் இடம் இருக்கிறது என்று சொன்னதில், வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. அதனாலோ என்னவோ, சீக்கிரமே ஏரிக்கரைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குள் கம்பம் பழைய இடத்துக்கே, முதல் குழிக்கே போயிருந்தது. ஒவ்வொரு சிமெண்டு வட்டத்தின் அருகிலும் ஒரு சின்னப் பலகை, அதில் ஒரு கட்டம். ஸ்கேன் செய்தால் அந்த இடத்தில் எடுத்த படம் வரும். முதல் வட்டத்தில் மட்டும் ஒரு குரலும் வர வேண்டும், அது உங்கள் குரலாக இருக்க வேண்டும் என்று மேடம் பிடிவாதம் பிடித்தார். ஓய்வறைக் கதவைச் சாத்தி, கெட்டிலை அணைத்து, பதிவு செய்ய உட்கார்ந்தார்கள்.

"தண்ணி கொஞ்சம் உள்ள போயிருக்குங்க, கவலைப்படாதீங்க, நல்ல மழை வந்தா..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, ஆறுதல் வேண்டாம்."

"இது பரவாயில்லீங்க, போகப் போக..."

"அண்ணே!"

மனிதருக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. கடைசியில் ஒருவழியாக வந்தது. இப்போதும் அங்கே போனால் கேட்கலாம்: "இந்தக் கம்பத்தை நான்தான் வருஷா வருஷம் முன்னால நகர்த்தி வச்சேன். நீங்க சந்தோஷமா போகணும்னு செஞ்சேன். தப்பு. தண்ணி இங்கதான் இருந்துச்சு. இப்ப எங்க இருக்குன்னு நடந்து போய்ப் பாருங்க."

ஒரு லீவு நாளில் அவர் மனைவி வந்து முதல் வட்டத்தில் நின்று, கைபேசியைக் காதில் வைத்து அந்தக் குரலைக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். "தப்புங்கற வார்த்தை உங்க வாயில இவ்வளவு தெளிவா வருமா?" என்று கேலி செய்துவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த வருடம் மழை முடிந்து பூங்கா திறந்ததும் ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, மூன்று நான்கு வயதுப் பெண் குழந்தை. அந்த அம்மா இவரைப் பார்த்ததும், "அங்கிள், எங்களை ஞாபகம் இருக்கா? கல்யாணமான புதுசுல வந்தோம். மறுநாள் வரச் சொல்லி அழகா படம் எடுக்க வச்சீங்களே!" என்றாள். அந்தப் படம் இன்னமும் அவள் கைபேசியில் இருந்தது. காட்டினாள். தண்ணீர் அவர்களுக்குப் பின்னால் ததும்பியது.

பிறகு தாங்கியில் கைபேசியை வைத்துப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. "இங்கேர்ந்து புதர்தான் தெரியுது. அன்னைக்கு மாதிரி இதைக் கொஞ்சம் தண்ணிப் பக்கமா தள்ளி வைக்கறீங்களா அங்கிள்? பாப்பாவோட அதே மாதிரி ஒரு படம் எடுக்கணும்."

பழகிய வாய் தானாக 'ஆ' என்று திறந்தது.

"ஆகாதுங்க" என்றார்.

அவளுக்கு அது எதிர்பாராத பதில். சொன்னவருக்கும்தான். அந்த முகம் வாடுவதை அவர் பார்த்தார். கண்ணை எடுக்காமல் பார்த்தார். வலித்தது. நின்றார்.

குழந்தை கையில் ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டு, தண்ணீரில் எறிய வந்ததுபோல், புதரைச் சுற்றிச் சுற்றித் தேடியது. பிறகு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. "தண்ணி எங்க தாத்தா?"

"அதோ, அங்க கண்ணு." கையை நீட்டிக் காட்டினார்.

குழந்தை எக்கி எக்கிப் பார்த்தது. "ரொம்ப தூரமா?"

இதே மாதிரி கேட்ட எத்தனையோ குழந்தைகளிடம் 'இதோ பக்கத்துலதான்' என்று சொல்லியே அனுப்பியவர் அவர். குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தார்.

"தூரம்தான், கண்ணு" என்றார்.